பொங்கலுக்குத் தாத்தா ஊர்: சென்னையா, மதுரையா, தஞ்சையா, சொந்தக் கிராமமா?

தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் மலேசியத் தமிழ் வீடுகள் பலவற்றில் இந்தப் பேச்சு எழுந்துவிடும்: இந்த முறை பொங்கலுக்கு ஊருக்குப் போனால் என்ன? ஊர் என்று சொல்பவர் அங்கே பிறந்தவர் அல்லர். அவருடைய அப்பாவும் பெரும்பாலும் பேராக்கிலோ சிலாங்கூரிலோ ஏதோ ஒரு தோட்டத்தில் பிறந்தவராகத்தான் இருப்பார். மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை அன்றைய இந்திய அரசு 1938இல் தடை செய்தது. கங்காணி அழைத்துவந்த கடைசித் தலைமுறைக்கும் இன்று டிக்கெட் விலை பார்க்கும் பேரப்பிள்ளைக்கும் இடையே எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனாலும் 'ஊருக்கு' என்றுதான் சொல்கிறோம். தை பிறந்தால் அங்கே இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் தேயவில்லை.

அந்த ஆசையோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பொங்கலுக்கு நடுமேடை கிடையாது என்பதை. சுதந்திர தினம் என்றால் அணிவகுப்பு நடக்கும் சாலை இருக்கும். போய் நின்றால் போதும், நாமும் கலந்துகொண்டதாகிவிடும். பொங்கல் அப்படிப்பட்டது அன்று. தமிழர் எல்லாருக்கும் பொதுவான திருநாள் என்று சொன்னாலும், அது நடக்கும் இடம் அவரவர் வீட்டு வாசல். விடுதி அறையில் தங்கியிருப்பவருக்குத் தை முதல் நாள் என்பது பூட்டிய கடைகளும் காலியான தெருக்களுமாகத்தான் தெரியும். ஆகவே எந்த ஊர் அழகு என்று பார்ப்பதற்கு முன், யாருடைய வாசலில் நிற்கப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். கீழே சொல்லும் இடங்களை எல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறேன்.

சென்னையை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கலுக்கு மிகவும் பொருந்தாத ஊர் அது. ஏனென்றால் அன்று சென்னைக்காரர்களே சென்னையில் இருப்பதில்லை. போகிக்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் நகரம் தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுகிறது. போகி அன்று அதிகாலையில் பழைய பொருள்களை எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து விமான ஓடுதளத்தையே மறைத்த ஆண்டுகள் உண்டு. 2018இல் பல விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. போகி காலையில் சென்னையில் இறங்கும்படி டிக்கெட் எடுக்கவே எடுக்காதீர்கள். காணும் பொங்கல் அன்று மெரினாவில் கூடும் கூட்டம் பார்க்கத் தகுந்ததுதான், தூரத்திலிருந்து. மற்றபடி சென்னைக்கு இரண்டு நியாயங்கள் உண்டு. ஒன்று, ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் புத்தகக் காட்சி. மற்றொன்று, பொங்கல் நாள்களில் பூங்காக்களிலும் திடல்களிலும் நடக்கும் 'சென்னை சங்கமம்' நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிகள். பறையாட்டம், கரகம், தெருக்கூத்து எல்லாவற்றையும் ஒரே நகரத்தில் பார்த்துவிடலாம். இரண்டுக்கும் ஆர்வம் இருந்தால் சில நாள்கள் முன்னதாகவே வந்து, கூட்டம் கிளம்புவதற்கு முன் நீங்கள் கிளம்பிவிடுங்கள்.

மதுரையின் நியாயம் வேறு. வாசல் கிடைக்காதவருக்கு அங்கே ஜல்லிக்கட்டுக் காளைகள் சீறி வரும் வாடிவாசல் இருக்கிறது. உறவினர் யாரும் இல்லாமல் போகிறவர் திருவிழாவின் நடுவில் நிற்கக்கூடிய அரிய இடம் மதுரை வட்டாரம். மூன்று நாள்களுக்கும் கணக்கு தெளிவாக இருக்கிறது: தை முதல் நாள் அவனியாபுரம், மாட்டுப் பொங்கல் அன்று பாலமேடு, காணும் பொங்கல் அன்று அலங்காநல்லூர். அவனியாபுரம் மதுரை நகருக்குள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டும் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம்தான், ஆனால் அன்றைய நெரிசலில் அந்தக் கணக்கு செல்லாது. இருட்டோடு கிளம்ப வேண்டும். முதலில் கோயில் காளையை அவிழ்த்துவிடுவார்கள். அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். பிறகு சுற்றுச் சுற்றாக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிறச் சட்டையில் மாடுபிடி வீரர்கள் களம் இறங்குவார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டதும், அதன் பிறகு தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததும், 2023இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்ததும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்து வளர்ந்த கதைகள். கோலாலம்பூரில் பிறந்த பதினெட்டு வயதுப் பையனுக்குப் பொங்கல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பானையா காளையா என்று கேட்டுப் பாருங்கள்.

அலங்காநல்லூரில் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றுலாத் துறை தனி மாடம் அமைப்பது வழக்கம். அதற்கு முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள். நம் முகத்தைப் பார்த்து யாரும் வெளிநாட்டவர் என்று நம்ப மாட்டார்கள். தாயகம் நம்மை அடையாளம் கண்டுகொள்ளும் தருணங்களில் இது சற்று வசதிக் குறைவானது.

மதுரைக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் உண்டு. ஜல்லிக்கட்டுதான் குறி என்றால் பொங்கல் நெரிசலில் போக வேண்டிய அவசியமே இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் தச்சங்குறிச்சியில் ஜனவரியிலேயே களம் திறந்துவிடும். அதன் பிறகு அந்த மாவட்டத்தின் ஊர்களில் மே வரைக்கும் ஏதாவது ஒரு வாடிவாசல் திறந்துகொண்டே இருக்கும். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட பெரிய அரங்கிலும் பொங்கல் முடிந்த பிறகு போட்டிகள் நடந்திருக்கின்றன. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் அலங்காநல்லூரைத் தொலைக்காட்சியில் பார்ப்பதே நல்லது. காலை முதல் மாலை வரை வெயில், தூசி, நகர முடியாத கூட்டம், கழிப்பறை எங்கே என்று தெரியாத தவிப்பு. இளைஞர்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

என் முதல் தேர்வு தஞ்சைப் பகுதி. காரணங்களில் பாதி அழகு சார்ந்தது, பாதி போக்குவரத்து சார்ந்தது.

தை பிறக்கும்போது காவிரிப் படுகையில் சம்பா கதிர் முற்றி நிற்கும். சில வயல்களில் அறுவடை தொடங்கியிருக்கும். அரிவாள் வரிசையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இப்போது அறுப்பது இயந்திரம். ஆனால் சாலையோரம் கட்டுக் கட்டாகச் செங்கரும்பு, மஞ்சள் கொத்து, சந்தையில் மண்பானை, மாட்டுக்குப் புதுக் கயிறும் சலங்கையும் என்று ஒரு வார காலம் ஊரே வேறு நிறத்தில் இருக்கும். மாட்டுப் பொங்கல் அன்று தஞ்சைப் பெரிய கோயில் நந்திக்குக் காய், கனி, இனிப்புகளால் அலங்காரம் செய்து, பசுக்களுக்குப் பூஜை நடத்துவார்கள். உறவு, அழைப்பு எதுவும் இல்லாதவரும் போய் நிற்கலாம். அதே நாள் பிற்பகலில் கும்பகோணம் போகும் சாலையிலோ திருவையாற்றுப் பக்கமோ ஏதாவது ஒரு சிற்றூரில் காரை நிறுத்திப் பாருங்கள். கொம்புக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்பவர் உங்களை நிற்க வைத்துப் பேசாமல் அனுப்ப மாட்டார். தை முதல் நாள் வீட்டுக்குள் இருக்கும் பண்டிகை இரண்டாம் நாள் தொழுவத்துக்கும் தெருவுக்கும் வந்துவிடுகிறது. அந்நியருக்கு உகந்த நாள் மாட்டுப் பொங்கல்தான். ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் அந்த நாளையே ஒதுக்குங்கள்.

போக்குவரத்துக்கு வருகிறேன். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திருச்சிக்கு நேரடி விமானங்கள் உண்டு. பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் அறுபது கிலோமீட்டருக்குள். சென்னையில் இறங்குகிறவர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய கூட்டத்தோடு சேர்ந்து தெற்கே போகிறார். திருச்சியில் இறங்குகிறவர் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போய்விடுகிறார். திரும்பும்போதும் அப்படித்தான்: காணும் பொங்கல் முடிந்த இரவும் அடுத்த நாளும் மாநிலமே சென்னை நோக்கி வரும், அந்த நேரத்தில் நீங்கள் திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்குப் பறந்துவிடலாம். சென்னைக்கு டிக்கெட் சற்று மலிவாகக் கிடைக்கிறது என்று போகிறவர்கள், மிச்சம் பிடித்த ரிங்கிட்டைக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நின்றபடி எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ரயில் முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கல் வார இருக்கைகள் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். திருச்சியில் இறங்குகிறவருக்கு அந்த ஓட்டப் பந்தயமே தேவையில்லை. ஓட்டுநரோடு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓட்டுநருக்கும் பொங்கல் உண்டு. தை முதல் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுநாள் அழைப்பதே மரியாதை. அன்று சிறு உணவகங்களும் மூடியிருக்கும். விடுதியில் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எல்லாரும் மனத்தில் வைத்திருந்து வாயில் சொல்லத் தயங்கும் தேர்வு: சொந்தக் கிராமம்.

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊரில் ஒரு வீட்டோடாவது தொடர்பு அறுபடாமல் இருக்கிறது, தொலைபேசியில் பேசினால் 'வா' என்று சொல்ல ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருக்கிறார் என்றால் மேலே சொன்ன எதையும் படிக்க வேண்டாம், அங்கேயே போங்கள். நான் சொன்ன வாசல் அதுதான். போவதற்கு முன் சில விஷயங்கள் மட்டும். முதலாவது, அந்த ஆண்டு பங்காளி வகையில் இழவு விழுந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விழுந்திருந்தால் பல வீடுகளில் பொங்கல் வைக்க மாட்டார்கள். இங்கே கிள்ளானில் உங்கள் பெரியப்பா இறந்திருந்தாலும் அங்கே அந்த வழக்கம் பொருந்தலாம். பங்காளிக் கணக்குக்குக் கடல் ஒரு பொருட்டில்லை. டிக்கெட் எடுத்த பிறகு இது தெரியவந்தால் யாருக்கும் சங்கடம்.

இரண்டாவது, எழுதுவதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும் விஷயம். நான்கு தலைமுறைக்குப் பிறகு ஒரு வாரிசு திடீரென்று வாசலில் வந்து நின்றால், மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் எழும்: நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறானோ? இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டன் பெயரில் இன்னும் மாற்றாத பட்டா இருக்கும் வீடுகளில் அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. முதல் அழைப்பிலேயே பேச்சோடு பேச்சாக, "பெரியவங்க இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வரோம்" என்று சொல்லிவிடுவது நல்லது. வீட்டுப் பெண்களுக்குப் பொங்கல் வரிசையாக ஏதாவது கொண்டுபோனால் உறவு முறை தானாக அமைந்துவிடும். கோடாலித் தைலமும் மைலோவும் இன்றும் செல்லுபடியாகும். தைலம் எங்கே கிடைத்தாலும் மலேசியாவிலிருந்து வந்த புட்டிக்குத் தனி மதிப்பு.

மூன்றாவதை நம் குடும்பங்களில் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே அழைத்துப் போகிறார்கள். மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். தாத்தா சொன்ன ஊரின் பெயர் ஒன்றாக இருக்கும். அவர் வாழ்ந்த தெரு அந்த ஊருக்கு வெளியே, காலனி என்று தனியாக இருக்கும். பல கிராமங்களில் இன்றும் பொங்கல் இரண்டு இடங்களில் இரண்டு பொங்கலாகத்தான் நடக்கிறது. டீக்கடையில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "எந்தத் தெரு?" என்பதாக இருக்கலாம், அது வழி காட்டுவதற்காக மட்டும் கேட்கப்படுவதில்லை. பிள்ளைகளுக்கு இதை விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். திருவிழா நடுவில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல அது.

தொடர்பு அறுந்துபோனவர்களின் நிலை வேறு. கையில் இருப்பது ஊரின் பெயர் மட்டும், அதுவும் ஆங்கிலேயக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதி வைத்தது. இவர்களில் பலர் பொங்கலுக்குப் போய்த் தேடலாம் என்று கிளம்புகிறார்கள். திருவிழாவும் ஆயிற்று, வேரும் கிடைத்தது என்று இரட்டைக் கணக்கு. இரண்டும் கெட்டுப்போகும் என்பதுதான் என் கருத்து. பொங்கலை ஒட்டித் தொடர்ச்சியாக அரசு விடுமுறை. தாலுகா அலுவலகம் பூட்டியிருக்கும், கிராம நிர்வாக அலுவலர் தன் சொந்த ஊருக்குப் போயிருப்பார். மாவட்டப் பெயரே உங்களைச் சுற்றவிடும். தாத்தா சொன்ன 'தஞ்சாவூர் ஜில்லா' 1991இல் நாகப்பட்டினம், 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை என்று பிரிந்துகொண்டே போனது. 'சேலம் ஜில்லா' என்றால் இன்று தருமபுரியாகவோ நாமக்கல்லாகவோ கிருஷ்ணகிரியாகவோ இருக்கலாம். 'திருச்சி ஜில்லா' கரூர், பெரம்பலூர், அரியலூர் எதுவாகவும் இருக்கலாம். 'வட ஆற்காடு' என்ற பெயரில் இப்போது மாவட்டமே இல்லை. வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் நான்கிலும் தேட வேண்டும். ஒரே பெயரில் பல ஊர்கள் வேறு. இதையெல்லாம் விடுமுறை வாரத்தில், ஒவ்வொரு வீடும் தன் சமையலில் மும்முரமாக இருக்கும்போது, செய்ய முடியாது.

இவர்களுக்கு நான் சொல்லும் மாற்று, பொங்கலைக் கைவிட்டுவிட்டு மாசி மகா சிவராத்திரி அல்லது பங்குனி உத்திரம். தென் மாவட்டங்களில் குலதெய்வம் கும்பிட ஒரு வகையறா முழுவதும் திரள்வது அந்த நாள்களில்தான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களில் கூடுவார்கள். மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கம் பல குடும்பங்களுக்குச் சிவராத்திரி. சென்னையிலும் மும்பையிலும் இருக்கும் பங்காளிகள்கூட அன்று வந்துவிடுவார்கள். பொங்கலுக்கு ஒரு வீடு தேடினால் ஒரு வீடுதான் கிடைக்கும். குலதெய்வக் கோயிலில் ஒரே இரவில் எல்லா வீட்டுக் கிழவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். பல கோயில்களில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டு இருக்கும். இன்னார் வகையறாவில் ஒருவர் கடல் தாண்டிப் போனார் என்ற நினைவு பூசாரியிடமோ அந்த நோட்டுக்காரரிடமோ எஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் யாருக்காவது குலதெய்வத்தின் பெயர் தெரிந்தால் ஊர்ப் பெயரைவிட அது பெரிய துப்பு. முன்னோடி கருப்பன், அய்யனார் என்று பொதுப் பெயராக இருந்தாலும் அதோடு ஒட்டிவரும் அடைமொழியைக் கேட்டு வாங்குங்கள். அந்த அடைமொழிதான் இடத்தைக் காட்டும்.

பள்ளிக் கணக்கிலும் இதுவே வசதி. சிங்கப்பூரில் ஜனவரி தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். மலேசியாவிலும் 2026 முதல் கல்வி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. புதிய வகுப்பின் முதல் வாரத்திலேயே பிள்ளையை நிறுத்த எல்லாப் பெற்றோருக்கும் மனம் வராது. இரண்டு நாட்டிலும் மார்ச்சில் ஒரு வார விடுமுறை உண்டு. சிவராத்திரியோ பங்குனி உத்திரமோ அதை ஒட்டி வரும் ஆண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் விமானக் கட்டணமும் பொங்கல் அளவுக்கு ஏறாது.

அரசு ஏற்பாடுகளையும் சொல்லியாக வேண்டும். ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாகத் தமிழக அரசு கொண்டாடுகிறது. சென்னையில் கூட்டம், கண்காட்சி, மேடைப் பேச்சு. தொழில் தொடர்பு தேடுகிறவருக்குப் பயன். 'வேர்களைத் தேடி' என்ற திட்டம் அயலகத்தில் வாழும் தமிழ் இளைஞர்களை அழைத்துவந்து கோயில்கள், தொல்லியல் தலங்கள் எல்லாம் சுற்றிக் காட்டுகிறது. இருபது வயதுப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டோடு எந்த ஒட்டும் இல்லை, பெற்றோராலும் வர முடியாது என்றால் இது நல்ல தொடக்கம். ஆனால் குழுவாகப் பேருந்தில் போவதால் உங்கள் குடும்பத்து ஊருக்கு அது போகாது.

போகாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். தைப்பூசத்துக்கு விடுப்பு வேண்டும் என்பவர்களுக்கு அடுத்தடுத்து இரண்டு விடுப்புகள் கிடைப்பது அரிது. தைப்பூசம் ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரியிலோ வரும்; பத்துமலையை விட்டுவிட்டு ஊருக்குப் போக மனம் ஒப்பாத குடும்பங்கள் நிறைய. அவர்களிடம் நான் வாதாட மாட்டேன். தோட்டத்துக் கோயிலில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கும் பொங்கல் நம் பாட்டிகள் இங்கே உருவாக்கியது. தமிழ்நாட்டில் இன்று அடுக்குமாடி வீடுகளில் எரிவாயு அடுப்பில் குக்கர் விசிலோடு நடப்பதைவிட அது எந்த வகையிலும் குறைந்ததன்று.

ஆக, அழைக்க ஆள் இருந்தால் கிராமம். ஆள் இல்லை, பெரியவர்களும் குழந்தைகளுமாகப் போகிறீர்கள் என்றால் திருச்சி வழியாகத் தஞ்சை, மாட்டுப் பொங்கலைக் குறியாக வைத்து. இளைஞர் கூட்டம் என்றால் மதுரை. தேடிப் போகிறவர்கள் மாசிக்கும் பங்குனிக்கும் தள்ளிவையுங்கள். பொங்கலுக்கே என்று முடிவு செய்தவர்கள் நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: தை முதல் நாள் 2025இல் ஜனவரி 14, 2026இல் ஜனவரி 15. ஒரு நாள் பிசகினால் போகிக்கு வந்திறங்க வேண்டியவர் பொங்கல் அன்று நடு வானத்தில் இருப்பார். இந்திய மின்விசாவுக்கு அக்டோபர், நவம்பரிலேயே கடவுச்சீட்டின் காலாவதித் தேதியைச் சரிபார்த்து வையுங்கள்; ரயில்தான் வேண்டும் என்றால் முன்பதிவு திறப்பது நவம்பர் இரண்டாம் வாரம். அதற்கும் முன்னால் ஊருக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு.